ஆறரைச் சங்கு

அக்டோபர் 6, திங்கள்

காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் இன்று சாயங்காலமும் கூட்டம் போட்டார்கள். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் போன வியாழக்கிழமை நாலு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். தாய் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது, அவ்வளவுதான். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

இனி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாரும் மாலை ஆறரைச் சங்குக்குப் பிறகு விடியும்வரை வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு லைன் வீட்டு வரிசைக்கும் ஓர் ஆள் வீடு வீடாகப் போய் எண்ண வேண்டும். எங்கள் மேல் லைன் என் தலையில் விழுந்தது. "பாதிப் புள்ளைங்க ஆயாம்மா மடியில மூத்திரம் போனதுங்கதான், அவங்க சொன்னா கேக்கும்" என்று கமிட்டி செயலாளர் வில்சன் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருப்பதற்குக் கிடைத்த பட்டம்.

ஒரு விசில், ஒரு டார்ச், எண்ணிக்கை எழுத இந்த டைரி. கம்பெனி டைரிதான், போன வருஷத்தது. கிழமையை அடித்து எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான், என் கையெழுத்தைப் பார்த்து மேனேஜரே பாராட்டியிருக்கிறார். எண்ணிக்கையோடு நிறுத்தப் போவதில்லை, நாலு வரி சேர்த்தே எழுதுவேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் நாள். மேல் லைனில் பத்து வீடு, பத்தொன்பது பிள்ளைகள். எல்லாரும் உள்ளே. மூன்றாம் வீட்டு இரட்டையர்கள் மட்டும் விசில் ஊதித் தரச்சொல்லி அழிச்சாட்டியம்.

ஆறாம் வீட்டு நிவாஷினி வழக்கம்போல என் வீட்டில் இருந்தாள். என்னுடையது ஐந்தாம் வீடு. இரண்டுக்கும் ஒரே சுவர். ஏழாவது படிக்கிறாள். அவள் அம்மா ரூபாவதி ஜூன் மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கேதான் வருவாள். டீ குடிப்பாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், டிவி பார்ப்பாள். அப்பா தூங்கின பிறகு போவாள். அப்பா துரைராசு கொழுந்து லாரி டிரைவர். அதிர்ந்து பேசமாட்டார். கமிட்டியிலும் இருக்கிறார்.

அவளுக்கு என் வீட்டு டிவி பிடித்துப்போய்விட்டது, அதுதான் காரணம்.

அக்டோபர் 8, புதன்

பத்தொன்பது. சரி.

அக்டோபர் 13, திங்கள்

மானம் போயிற்று.

எண்ணி முடித்ததும் ஒன்றாம் வீட்டு மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. ஜீப் வரும்வரை கூட இருந்தேன். நிவா என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அந்த நேரம் துரைராசு வந்து பார்த்திருக்கிறார், மகள் வீட்டில் இல்லை. என் கதவைத் தட்டியிருக்கிறார், யாரும் திறக்கவில்லை. "எம் புள்ளயக் காணோம்" என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று லைனும் திரண்டு டார்ச்சும் தீவட்டியுமாகத் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. ரிட்டயர் ஆன சங்கிலி அண்ணன் வாய்க்காலில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார்.

நான் ஓடிவந்து கதவைத் தள்ளினால், சமையல் மூலையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள் இவள்.

"ஏண்டி, அவ்வளவு பேரு கத்துறாங்க, காதுல விழலயா?"

"தூங்கிட்டேன் ஆயாம்மா."

அவள் கண்ணில் தூக்கமே இல்லை. நெஞ்சோடு கட்டியிருந்த முழங்காலை அவிழ்க்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

கூட்டத்தில் ஆளாளுக்கு என்னை வாரினார்கள். "எண்ணச் சொன்னா அவங்க வீட்டுக்குள்ளயே ஒளிச்சு வெச்சுக்கிறாங்களே" என்றான் ஒருவன். சங்கிலி அண்ணன் சம்சாரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று சொன்னேன். உள்ளே இருந்தால் மட்டும் போதாது. அவரவர் சொந்த வீட்டில் இருந்தால்தான் கணக்கு. பக்கத்து வீடு, சித்தி வீடு, ஆயாம்மா வீடு, எதுவும் செல்லாது. அப்படி இருந்தால்தான் எண்ணிக்கையில் குழப்பம் வராது. எல்லாரும் சரி என்றார்கள். வில்சன் எழுதிக்கொண்டார். துரைராசு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லதாச் சொன்னீங்க ஆயாம்மா. புள்ள அவ வீட்டுல இருந்தாத்தான் நமக்கும் நிம்மதி."

என் வாயிலிருந்து வந்த விதியை டைப் அடித்துப் பிரட்டுக்களத்தில் ஒட்டப் போகிறார்களாம். நேற்றைய அவமானம் பாதி குறைந்தது.

அக்டோபர் 15, புதன்

சங்கு ஊதியதும் நிவாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். பத்தடி தூரம்தான். அதற்கு எத்தனை சாக்கு! செருப்பைக் காணோம், நோட்டு மறந்துவிட்டது, சீரியல் முடியட்டும்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆயாம்மா. எட்டு மணி வரைக்கும். நா சத்தமே போடமாட்டேன்."

"விதின்னா எல்லாருக்கும் விதிதான் கண்ணு. நானே போட்டுட்டு நானே மீறலாமா?"

துரைராசு வாசலில் நின்றிருந்தார். "வாடா தங்கம்" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். எனக்கு ஒரு கும்பிடு.

பத்தொன்பது. ராத்திரி நல்ல மழை. தகரக் கூரையில் சத்தம் தாங்கவில்லை, டிவியைக் கூட்டி வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பத்தொன்பது. மழை. டிவி.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

சங்குக்கு முன்னால் வெடித்து முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பிள்ளைகள் மத்தியானத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். வெயிலில் புஸ்வாணம் கொளுத்தினால் என்ன தெரியும்? இருந்தும் கும்மாளம்தான்.

ரூபாவதி சனிக்கிழமையே வந்துவிட்டாள். நிவா அவள் முந்தானையை விட்டு நகரவில்லை. இந்த மூன்று நாளும் சங்கு ஊதுமுன்னே தானாக வீட்டுக்குள் போய்விட்டாள், சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. புதுச் சுடிதார், முழுக்கை. அவளே அந்த மாதிரி கேட்டு வாங்கினாளாம்.

ரூபாவதி எனக்கு மிக்சர் பொட்டலம் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்க்கா. அவ எதையும் வாயத் தெறந்து சொல்ல மாட்டா. நீங்கதான் கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும்."

பார்க்காமல் என்ன? தினமும் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

பத்தொன்பது. ரூபாவதி நேற்று பஸ் ஏறிவிட்டாள். மழை. டிவி.

அக்டோபர் 27, திங்கள்

காப்பகத்துக்குப் புதிதாக இரண்டு கைக்குழந்தைகள். ஒன்று பால் குடிக்காமல் என் உயிரை வாங்குகிறது.

நிவாவின் கீழுதடு வீங்கியிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டதாம். மஞ்சள் குழைத்துப் போட்டேன். வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

நானும் என் காலத்தில் நிறைய வழுக்கி விழுந்தவள்தான். என் இடது காது அப்படித்தான் போயிற்று. அதற்காக ஊரைக் கூட்டினேனா? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. குடிக்காத நாளில் தங்கமான மனுஷன். அந்த நாளில் இந்த லைனில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டில் ரேடியோ வைப்பார்கள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பத்தொன்பது.

நவம்பர் 9, ஞாயிறு

எண்ணிக்கை பதினெட்டு. ஆறாம் வீடு பூட்டவில்லை, துரைராசு இன்னும் வரவில்லை, நிவா இல்லை. விசில் ஊத வாய்வரை கொண்டுபோய்விட்டு, இன்னொரு சங்கிலி அண்ணன் கால் முறிய வேண்டாம் என்று நானே தேடிப் போனேன். லைனுக்குக் கீழே கொழுந்து எடை போடும் கொட்டகையில், தராசு மேடையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, குனிந்துகொண்டாள்.

வில்சனிடம் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும், அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள். அவர் துரைராசுவைக் கூப்பிட்டு எச்சரிக்கை செய்தார். துரைராசு தலைகுனிந்து நின்றார். "இனிமே நடக்காது சார். நான் பாத்துக்கிறேன்."

நவம்பர் 10, திங்கள்

நிவா பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சலாம். பத்தொன்பது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் போகவில்லை. எண்ணப் போனபோது போர்த்திக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தாள். "கண்ணு" என்றேன். திரும்பவில்லை.

இன்று மழை இல்லை. டிவியைக் கூட்டித்தான் வைத்தேன். ஏழாம் வீட்டிலும் கூட்டினார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினம். வன அதிகாரி ஒருவர் வந்து, இந்தப் பகுதியிலேயே விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் லைன் எங்கள் லைன்தான் என்று மேடையில் சொன்னார். என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எனக்கு இதுவரை யாரும் சால்வை போட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். நிவா சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தாள். கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

சால்வையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

விடியற்காலை வில்சன் வீட்டு நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. எடைக் கொட்டகையைச் சுற்றி ஈர மண்ணில் கால்தடம். நானே போய்ப் பார்த்தேன், என் உள்ளங்கை அகலம்.

சாயங்காலம் பதினெட்டு. எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நான் நினைக்கவில்லை.

அதே தராசு மேடை.

"இங்க கால்தடம் கெடக்குதே, பாத்தியாடி நீ? செத்துப்போவடி!"

"பாத்தேன் ஆயாம்மா. முந்தாநாளு அதுவே வந்துச்சு. அந்தா, அந்தத் தூண் பக்கத்துல நின்னுச்சு. என்னையப் பாத்துட்டுக் கீழ எறங்கிப் போயிருச்சு."

"முந்தாநாளு ஒன்ன வீட்டுல பாத்துத்தானே எண்ணிட்டுப் போனேன்?"

"நீங்க எண்ணிட்டுப் போன பெறகு பின்வாசல் வழியா வந்துருவேன். அப்பா தூங்குனப்பறம் உள்ள போவேன்."

"புலியக் கண்ணால பாத்துட்டும் ஓடி வரலயா?"

"எங்க ஓடுறது?"

அவ்வளவுதான் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தவள் கேட்பது போலக் கேட்டாள். என் வீட்டுக்குக் கூட்டி வந்து கதவைத் தாழ் போட்டேன். சோறு போட்டேன். முழுக்கையைத் தூக்கிவிட்டுச் சாப்பிடச் சொன்னபோது கையைப் பார்த்தேன். எழுத மாட்டேன்.

கால் மணி நேரத்தில் துரைராசு வந்தார். பின்னால் வில்சன், இன்னும் நாலு பேர். கதவைத் திறந்து வாசலை மறித்து நின்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளு இங்க இருக்கட்டும்" என்றேன்.

வில்சன் சொன்னார். "சொந்த வீடுன்னு சொன்னதே நீங்கதான் ஆயாம்மா. உங்களுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதியா? நாளைக்கு அவனவன் இதையே சொன்னா நான் என்ன பண்றது?"

"எம் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் துரைராசு, அதே சன்னக் குரலில். "எல்லாரு முன்னாடியும் சொல்றேன், சத்தியமாக் கை வைக்க மாட்டேன்."

அதுவரை அடிப்பதைப் பற்றி யாருமே பேசவில்லை. அவராகத்தான் சொன்னார். எதற்கு அப்படிச் சொல்கிறாய் என்று அங்கே நின்ற ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் ஆறு.

நிவா எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். நான் சொல்வேன் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு தானாகவே வெளியே போனாள். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

பத்தொன்பது. எல்லாரும் உள்ளே.

நவம்பர் 20, வியாழன்

டவுன் ஆஸ்பத்திரி. டைரி வீட்டில் இருந்ததால் இதை மறுநாள்தான் எழுதுகிறேன். விடியற்காலை நாலு மணிக்குத் துரைராசுதான் என் கதவைத் தட்டினார். கழிப்பறைப் படியில் விழுந்துவிட்டாள், பெண்துணை வேண்டும், வாங்க என்றார். அவருடைய லாரியிலேயே வந்தோம். நான் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். கைக்குழந்தையாகக் காப்பகத்துக்கு வந்த நாளில் இருந்ததைவிடக் கனமாக இல்லை என்று தோன்றியது, அது எப்படி இருக்க முடியும்?

இடது முன்கை இரண்டு இடத்தில் முறிவு. நெற்றியில் ஏழு தையல். டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் விவரமானவள். துரைராசுவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"எப்படி விழுந்தா?"

"விழல" என்றேன். "அவங்க அப்பா அடிச்சாரு. எனக்கு ஒரே சொவருதான். ஒரு மாசத்துக்கு மேலா கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா உடனே போலீசுக்குப் போன் செய்தாள். மத்தியானம் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். நிவாவைத் தனியாகக் கேட்டார்கள்.

"படியில விழுந்தேன்" என்றாள் நிவா.

மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னாள். நான் கட்டிலுக்குக் கிட்டே போய், "பயப்படாம சொல்லு கண்ணு, நான் இருக்கேன்" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலமும் நான் இருந்தேனே.

எஸ்.ஐ. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "புள்ளையே விழுந்தேன்னு சொல்லுது. அப்பன் கீழ டீக்கடையில உக்காந்துட்டு எப்ப அனுப்புவீங்கன்னு கேக்குறான். நீங்க சொல்றத மட்டும் வெச்சு எத்தனை நாளு தள்ள முடியும்? தேதி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

டைரியை எடுக்க முதல் பஸ்ஸில் லைனுக்குப் போனேன். காப்பகத்தில் யாரோ எனக்குப் பதிலாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வீட்டுக்காரி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். வில்சன் மட்டும் வழிமறித்துப் பேசினார். "லைன் பேரையே கெடுத்துட்டீங்களே ஆயாம்மா. மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்வேன்?" அவர் நல்ல மனுஷர்தான். நாங்கள் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இதை அப்படியே கொடுத்தால் துரைராசுவுக்கு நற்சான்றிதழ் கொடுத்தது போல இருக்கும். மழை என்று எழுதியிருக்கிறேன். குளிக்கிற இடத்தில் வழுக்கியது என்று எழுதியிருக்கிறேன். பத்தொன்பது, எல்லாரும் உள்ளே என்று எழுதியிருக்கிறேன். ஒன்றையும் அடிக்கவில்லை. ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினேன். அக்டோபர் 15, எட்டே கால் மணி, பெல்ட், அவள் "அப்பா வேணாம்" என்று சொன்னது கேட்டது. 17, ஏதோ பாத்திரம். 23, தலை சுவரில் மோதிய சத்தம், என் பக்கம் மாட்டியிருந்த கண்ணாடி ஆடியது. நவம்பர் 11 அன்று நான் கேட்டது எல்லாம். இடது காது கேட்காது என்றுகூட எழுதிவிட்டேன், இல்லையென்றால் வக்கீல் கேட்பான். வலது காதால் கேட்டேன். நன்றாகக் கேட்டது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று எஸ்.ஐ. கேட்டார். கோர்ட்டிலும் கேட்பார்களாம். வெளியே சிறுத்தை இருக்கிறது, பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் போதும் என்று நினைத்தேன் என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். வெட்கமாக இருந்தது. பிறகு, "எழுதிக்கோங்கம்மா, கேட்டும் சும்மா இருந்தேன்னு எழுதிக்கோங்க" என்றேன். எழுதினார்.

ரூபாவதி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். போனில் அவள் போட்ட அழுகையை என்னால் கேட்க முடியவில்லை, ஆனாலும் போனை வைக்காமல் முழுவதும் கேட்டேன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா சாயங்காலம் வருகிறாராம். டைரி இல்லையென்றால் அப்பாவோடு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லியிருந்தவர், இப்போது பார்க்கலாம் என்கிறார். எஸ்.ஐ. இரண்டு முறை வந்து டைரியைக் கேட்டுவிட்டார். இந்தப் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிடுவேன்.

உள்ளே போய் நிவா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தேன், நாலு ஸ்பூன் குடித்தாள். துடைத்துவிட்டேன். இந்த முறை தலையை இழுக்கவில்லை. அப்புறம் கேட்டாள்.

"இப்ப என்ன எங்க கொண்டுபோயி விடப்போறீங்க, ஆயாம்மா?"

"தெரியல கண்ணு. ஆனா அந்த வீட்டுக்கு இல்ல."

சரி என்று தலையாட்டினாள். நம்பி ஆட்டவில்லை. பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிவிட வேண்டும் என்று பழகிய பிள்ளை. பிறகு நல்ல கையால் கட்டிலுக்குக் கீழே துழாவிச் செருப்பை எடுத்து, தயாராக மாட்டிக்கொண்டு படுத்தாள்.